இரண்டாவது கப்பல்

கி.மு. 427ஆம் ஆண்டுக் கோடையில் ஏதென்ஸ் நகரத்து மக்கள் அவை கூடி ஒரு முடிவு செய்தது. ஈஜியன் கடலின் கிழக்கே லெஸ்பொஸ் என்றொரு தீவு உளது. அத்தீவின் தலைமை நகரமாகிய மித்திலீன் முந்தின ஆண்டிலே ஏதென்ஸின் கூட்டணியை முறித்துக்கொண்டு கிளர்ந்தெழுந்தது. பின்னர் முற்றுகையிடப்பட்டுப் பசியால் நலிந்து பணிந்தது. அந்நகரின் வயதுவந்த ஆண்கள் அனைவரையும் கொல்வது, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்குவது என்பதே அவையின் முடிவு. கட்டளையைச் சுமந்துகொண்டு போர்க்கப்பல் ஒன்று அன்றே புறப்பட்டது.

மறுநாட் காலையில் ஏதென்ஸ் மக்கள் வேறு மனத்தினராய் விழித்தெழுந்தனர். குற்றஞ் செய்தாரை மட்டுமன்றி ஒரு நகரம் முழுவதையுமே அழிப்பது கொடுமை என்னும் எண்ணம் அவர்களிடையே பரவிற்று. ஏதென்ஸிலே தங்கியிருந்த மித்திலீன் தூதுவர் இதையறிந்து அதிகாரிகளை அணுக, அவை மீண்டும் கூட்டப்பட்டது.

நேயர்களே, இந்த இரண்டாம் நாளைப் பற்றியே நான் இன்று பேச விரும்புகின்றேன். இதனை நமக்கு எழுதி வைத்தவர் துசிடிடீஸ். அவர் வெறும் நூலறிவினர் அல்லர்; படைத்தலைவராகவும் இருந்தவர். கி.மு. 424இல் அம்பிப்பொலிஸ் நகரைப் பகைவரிடமிருந்து காக்கத் தவறியமையால் இருபது ஆண்டுகள் தாய்நாட்டை விட்டு வாழ நேர்ந்தவர். மனித இயல்பு மாறாதிருக்கும்வரை இவை போன்ற நிகழ்ச்சிகள் மீண்டும் மீண்டும் நிகழும் என்று அவர் கருதினார். அதனாலேயே தம் வரலாறு பிற்காலத்தார்க்குப் பயன்படும் என நம்பினார். தாம் தரும் சொற்பொழிவுகள் சொல்லுக்குச் சொல் பேசப்பட்டவை அல்ல, சந்தர்ப்பத்துக்கு ஏற்றவாறு அமைத்தவை என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆதலின் இவற்றிற் பேச்சாளரின் குரல் எவ்வளவு, ஆசிரியரின் குரல் எவ்வளவு என்று பிரித்தறிதல் அரிது.

முதலிற் பேசியவன் கிளியோன். முந்தின நாளைய தீர்மானத்தை வெற்றிபெறச் செய்தவனும் அவனே. துசிடிடீஸுக்கு அவனைப் பிடியாது. அந்த வெறுப்பு எழுத்திலும் தெரிகின்றது. எனினும் அவன் வாயில் வைத்த வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நேற்றுச் செய்ததை இன்று மாற்றும் சனநாயகம் பிறரை ஆளத் தகுதியற்றது என்கின்றான் அவன். அடிக்கடி மாறும் நல்ல சட்டங்களைவிட மாறாத குறையுள்ள சட்டங்களே மேல் என்கின்றான். இரக்கம், பேச்சின் இனிமையில் மயங்குதல், பெருந்தன்மை என்னும் மூன்றும் பேரரசுக்கு ஆகாதவை என்கின்றான். அரசியலை நாடகம் போலப் பார்த்து, கேட்டு, மகிழ்ந்து எழுந்து போகின்றீர்கள் என்று மக்களையே கடிந்துகொள்ளுகின்றான். அவன் கூறிய கடைசிக் குறை பொய் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

அடுத்து எழுந்தவன் டயோடோட்டஸ். இந்த விவாதத்துக்கு முன்னும் பின்னும் வரலாற்றில் அவனைப் பற்றி ஏதும் இல்லை. நல்ல ஆலோசனைக்கு இரண்டு பகைகள் உள, ஒன்று அவசரம், மற்றது சினம் என்று அவன் தொடங்கினான். தண்டனையின் அச்சம் மனிதனைத் தடுப்பதில்லை. தண்டனைகள் காலந்தோறும் கடுமையாகி மரணம்வரை வந்தும் குற்றங்கள் ஒழியவில்லை. வறியவனை வறுமையும் செல்வனைச் செருக்கும் உந்த, ஆசை முன்னே செல்ல, நம்பிக்கை பின்னே செல்லுகின்றது என்றான். பின்னர் கணக்குப் பேசினான். பணிந்தாலும் சாவு, பணியாவிட்டாலும் சாவு என்றால் நாளை கிளர்ச்சி செய்யும் நகரம் எதுவும் பணியாது. முற்றுகைக்குச் செலவு பெருகும். கிடைப்பதோ இடிந்த ஊர். அன்றியும் எல்லா நகரங்களிலும் பொதுமக்கள் ஏதென்ஸின் பக்கம் சாய்பவர். மித்திலீனில் ஆயுதம் கைக்கு வந்தவுடன் நகரைக் கையளிக்க முயன்றவர்களும் அவர்களே. அவர்களையும் கொல்வது பகைவனுக்குச் செய்யும் உதவி.

இரக்கத்தின் பேரால் ஒரு சொல்லும் அவன் கேட்கவில்லை. மக்கள் அவையை மறுபடி கூட்டியதே இரக்கம். ஆயினும் அந்த அவையில் எழுந்தவன், இரக்கத்துக்கு நானும் இடங்கொடேன், ஏதென்ஸின் நலத்தையே பேசுகின்றேன் என்றான். நல்லதைச் சொல்பவனும் நம்பப்படுவதற்காகப் பொய்யுரைக்க வேண்டிய நிலைக்கு இந்நகரம் வந்துவிட்டது என்றும் அவன் பேச்சினிடையே குறிப்பிடுகின்றான். அது தன்னைப் பற்றியே சொல்லியதாகத்தான் எனக்குத் தோன்றுகின்றது. நெஞ்சிலே இரக்கத்தை வைத்துக்கொண்டு வாயினாலே இலாப நட்டம் பேசிய மனிதனாக அவனைக் கருதவே விரும்புகின்றேன். ஆனால் அப்படிக் கருத வரலாறு எனக்குச் சான்று எதுவும் தரவில்லை.

அவசரம், சினம் என்ற சொற்களிடம் சற்றே நிற்கின்றேன். கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பாடசாலைகளிலே பணியாற்றியவன் நான். மாணவன் ஒருவன்மேற் கோபங்கொண்டு மாலையிலே எழுதும் கடிதத்தை அன்றே அனுப்பாது மேசை இலாச்சியில் வைத்துவிடுவது என் வழக்கமாயிற்று. மறுநாட் காலையில் அவற்றுட் பாதி கிழித்தெறியப்பட்டன. அந்த வழக்கம் ஏற்படுமுன் அனுப்பிவிட்ட கடிதம் ஒன்று மட்டும் இன்றும் என் மனத்தை விட்டகலவில்லை.

கைகள் உயர்ந்தன. இரு பக்கமும் ஏறக்குறையச் சமம். டயோடோட்டஸின் பக்கம் சிறிது மிகுந்தது. உடனே இரண்டாவது கப்பல் புறப்பட்டது. முதற் கப்பல் ஒரு பகலும் ஓரிரவும் முந்திச் சென்றிருந்தது. கடக்க வேண்டிய தூரமோ 300 கிலோமீற்றருக்கு மேல். மித்திலீன் தூதுவர் மாலுமிகளுக்கு மதுவும் மாவும் கொடுத்து, முந்திச் சென்றால் பெரும் பரிசு தருவதாகவும் வாக்களித்தனர். திராட்சை மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த பார்லி மாவைத் துடுப்பை விடாமலே உண்டனர், முறைவைத்து உறங்கினர். எதிர்க்காற்று வீசவில்லை. முதற் கப்பலின் மாலுமிகளோ, வெறுக்கத்தக்க பணி என்பதால், விரைந்து செல்லவில்லை. அது முந்தியே கரை சேர்ந்தது. படைத்தலைவன் பாக்கீஸ் கட்டளையை வாசித்து முடித்து நிறைவேற்றத் தொடங்கும் வேளையிலே இரண்டாவது கப்பல் துறைமுகத்துட் புகுந்தது.

கதையை இங்கே முடித்தால் நமக்கு ஆறுதலாயிருக்கும், துசிடிடீஸ் முடிக்கவில்லை. கிளர்ச்சிக்குக் காரணமானவர் என்று பாக்கீஸ் ஏதென்ஸுக்கு அனுப்பியிருந்தவர்கள், கிளியோனின் பிரேரணைப்படியே கொல்லப்பட்டனர். அவர்கள் தொகை ஆயிரத்துக்குச் சற்று அதிகம். நகரின் மதில் இடிக்கப்பட்டது. தீவின் நிலம், மெதிம்னா என்னும் ஊரினது நீங்கலாக, 3000 பங்குகளாக்கப்பட்டது. அவற்றுள் 300 தெய்வங்களுக்கு, மற்றவை ஏதென்ஸின் குடிகளுக்கு.

அதே கோடையில் ஸ்பார்ட்டா, தன்னிடம் பணிந்த பிளாட்டியா நகரத்தாரில் 200 பேருக்குக் குறையாமற் கொன்றது. அதே கோடையில் கோர்சைராவிலே உள்நாட்டுக் கலகம் மூண்டது. அதைக் கூறும் இடத்திலேதான் துசிடிடீஸ், சொற்களே பொருள் மாறிய கதையையும் சொல்லுகின்றார்: பதற்றம் வீரமாயிற்று, நிதானம் கோழைத்தனமாயிற்று, இரு பக்கமும் ஆராய்பவன் எதற்கும் உதவாதவன் ஆனான். மித்திலீனின் உயிரைக் காத்தது அந்த ஆராய்வுதான் என்பதை நினைத்தால், இப்பகுதி ஏன் இவ்வளவு வேதனையோடு எழுதப்பட்டிருக்கின்றது என்பது புரியும்.

கி.மு. 423இல் சியோன் என்னும் ஊர் மாறிற்று. மீண்டும் கிளியோனே பிரேரித்தான். அவன் இறந்த பின் கி.மு. 421இல் அது நிறைவேற்றப்பட்டது. கி.மு. 416இல் 38 கப்பல்கள் மீலொஸ் தீவுக்குச் சென்றன. நீதி என்பது சமபலமுடையாரிடையே மட்டும் பேசத்தக்கது, நலத்தைப் பேசுவோம் வாருங்கள் என்று ஏதென்ஸின் தூதுவர் தீவினரை அழைத்தனர். டயோடோட்டஸ் ஒரு நகரைக் காக்க எடுத்த அதே கருவி இப்போது ஒரு நகரை அழிக்கப் பயன்பட்டது. தீவு பணிந்ததும் ஆண்கள் கொல்லப்பட்டனர், பெண்களும் குழந்தைகளும் அடிமையாயினர், 500 பேர் குடியேற்றப்பட்டனர். இரண்டாவது கப்பல் எதுவும் போகவில்லை.

கி.மு. 405இல் ஏதென்ஸின் கப்பற்படை ஈகொஸ்பொட்டமி என்னுமிடத்தில் அழிந்தது. செய்தி இரவிலே துறைமுகத்துக்கு வந்து, நெடுமதில்களின் வழியே அழுகுரலாக நகருக்குள் ஏறிச் சென்றது என்று சீனபொன் எழுதுகின்றார். அன்றிரவு எவரும் உறங்கவில்லை. தாம் பிறர்க்குச் செய்தது தமக்கு வரும் என்று அஞ்சி அவர்கள் நினைத்துக்கொண்ட மக்களை அவர் பெயர் சொல்லி எண்ணுகின்றார்: மீலொஸ், ஹிஸ்தியேயா, சியோன், தொரோனே, ஈஜினா. அந்தப் பட்டியலில் மித்திலீன் இல்லை.