அகிரா: 1988-ல் வந்த ஒரு கார்ட்டூன் படம்

கார்ட்டூன்தானே என்று பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து ‘அகிரா’வைப் பார்த்துவிடாதீர்கள். ரத்தம் அதிகம். தனியாக ஒருமுறை பார்க்கலாம்.

ஜப்பானில் 1988 ஜூலையில் வெளியானது. கட்சுஹிரோ ஓட்டோமோ, 1982 முதல் பத்திரிகையில் தொடராக வரைந்துவந்த சித்திரக்கதையைத் தானே படமாக இயக்கினார். முதல் காட்சியிலேயே டோக்கியோ அழிகிறது. சத்தமே இல்லை, வெள்ளை ஒளி ஒன்று குமிழாக விரிந்து நகரத்தை விழுங்குகிறது. 1945 மார்ச்சில் ஒரே இரவில் தீக்குண்டுகளால் எரிந்த டோக்கியோவையும், அந்த ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகிக்கு நேர்ந்ததையும் அறிந்தவர்களுக்கு அது வெறும் கற்பனையாகத் தெரியாது. ஓட்டோமோ 1954-ல் பிறந்தவர். இடிபாடுகளின் கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை.

பிறகு 2019. புது நகரத்தில் மோட்டார் சைக்கிள் கும்பல்கள், கலவரம், ராணுவம். டெட்சுவோ என்ற பையனுக்கு ராணுவச் சோதனையால் அசுர சக்தி வந்துவிடுகிறது.

ஏறக்குறைய எல்லாமே கையால் வரைந்தது. ஜப்பானில் வரைந்த பிறகு குரல் சேர்ப்பதுதான் வழக்கம். இதில் குரலை முதலில் பதிந்து, அதற்கேற்ப உதட்டசைவை வரைந்தார்கள். இரவு நகரத்தின் விளக்குகளைப் பார்த்தாலே அந்த உழைப்பு தெரியும்.

கதைதான் இடறுகிறது. இரண்டாயிரம் பக்கங்களைத் தாண்டிய சித்திரக்கதை முடிந்ததே 1990-ல். படம் அதற்குள் இரண்டு மணி நேரத்தில் அவசரமாக முடிந்துவிடுகிறது. கடைசிப் பகுதி எனக்கு இரண்டாம் முறைதான் கொஞ்சம் பிடிபட்டது. நகரம் இடிவதில் ஒரு துக்கம் இருக்கிறது. கவோரி என்ற பெண்ணை அடிபடவும் சாகவும் மட்டுமே வைத்திருப்பதில் அதுகூட இல்லை.