போத்தலில் இட்ட மீன்

சாலாக் செலாத்தான் பக்கத்துப் பழைய ஈயக் குட்டைகளிலும் தோட்டத்துக் கால்வாய்களிலும் பிடித்த மீனை நம்மில் பலர் போத்தலில் இட்டு வளர்த்ததுண்டு. மறுநாளே அது செத்து மிதக்கும்; பிள்ளைகள் அழுவார்கள்.

இதற்கு வழி கண்டவர் இலண்டன் இரசாயன அறிஞர் இராபர்ட் வாரிங்டன். கண்ணாடித் தொட்டியில் மணல் பரப்பி, நாடா போன்ற இலையுடைய வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியை நட்டு, இரண்டு பொன்மீன்களை விட்டார். மீன் விடும் கரியமிலவாயுவைச் செடி வெளிச்சத்தில் ஏற்று, பிராணவாயுவைத் தந்தது. ஆனால் இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கிற்று. குளத்து நத்தைகளைச் சேர்த்தார். அவை அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. இதை 1850இல் வெளியிட்டார். 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கென மீன்காட்சியகம் திறக்கப்பட்டது.

நாமும் அகன்ற தொட்டியில் செடி நட்டு, இரண்டொரு நத்தையும் சில மீன்களும் மட்டுமே விடுவோம். வெளிச்சம் வேண்டும், சுடுவெயில் ஆகாது. தீனியைக் குறைவாக இடுவோம்; மிஞ்சிய தீனியே தண்ணீரைக் கெடுத்து மீனைக் கொல்லும்.