கொள்ளைநோய்க் காலச் செவிலியர் ஆயத்தம்

கொள்ளைநோய் பரவும்போது நோயாளியைப் பிரித்து வைக்கவும், தம்மையும் பிறரையும் தொற்றிலிருந்து காக்கவும் செவிலியருக்கு வேண்டிய பயிற்சி, பொருள்கள், பணி ஒழுங்கு ஆகியவற்றை இது குறிக்கும். இதன் விதிகளில் பல, செவிலியர் செத்த பிறகு எழுதப்பட்டவை.

1854 நவம்பரில் 38 பெண்களோடு ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்கு வந்த புளோரன்ஸ் நைட்டிங்கேலிடமிருந்து இவ்வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். அங்கே சாவு சரிந்ததில், அடுத்த மார்ச்சில் வந்து சாக்கடையைச் சீர்செய்த சுகாதார ஆணையத்துக்கும் பெரும்பங்குண்டு. நைட்டிங்கேல் ஏந்திய கைவிளக்கின் புகழில் சாக்கடை மறந்துபோயிற்று.

1976இல் சையர் நாட்டின் யம்புக்கு மிஷன் மருத்துவமனையில் செவிலியருக்குக் காலைதோறும் 5 ஊசிக்குழல்கள் தரப்பட்டன. ஒருவருக்குப் போட்டதும் வெந்நீர்ச் சட்டியில் அலசி அடுத்தவருக்குப் போடுவார்கள். கொதிக்கவைப்பது எப்போதாவது, மாலையில். அந்த ஊசி வழியே எபோலா பரவியது. அந்த வட்டாரத்தில் 318 பேருக்கு நோய். 280 பேர் மாண்டனர். மருத்துவமனைப் பணியாளர் 17 பேரில் 11 பேர் இறந்தபின் கதவு சாத்தப்பட்டது.

எய்ட்ஸ் அச்சத்தின் விளைவாக 1987இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் புதிய நெறியை விரிவாக வகுத்தது: யாருடைய இரத்தமானாலும் தொற்றுள்ளதாகவே கொள்ள வேண்டும்.

2003 சார்ஸ் நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மருத்துவப் பணியாளர். டொரோன்டோவில் நோய் ஓய்ந்ததென்று காப்பைத் தளர்த்தியபோது, வார்டில் மறுபடி சார்ஸ் தெரிகிறதென்று செவிலியர் சொன்னார்கள், யாரும் காதில் வாங்கவில்லை. இரண்டாம் அலை வந்தது. அந்நகரில் செவிலியர் இருவர் உயிரிழந்தனர். அறிவியல் உறுதிக்காகக் காத்திராமல் பணியாளரைக் காக்க வேண்டுமென்றது பின்னர் விசாரித்த கேம்ப்பெல் ஆணையம்.

2014இல் டாலஸ் நகரில் எபோலா நோயாளியைப் பார்த்த செவிலியரில் இருவருக்கு நோய் தொற்றியது. அதன்பின் பாதுகாப்பு உடையைக் கழற்றுவதே தனிப் பயிற்சியானது. அணிவதைவிடக் கழற்றுவதில் ஆபத்து மிகுதி. கண்காணிப்பவர் ஒவ்வொரு படியையும் உரக்க வாசிப்பார். செவிலியர் வெளிப்பக்கம் உள்ளே போகும்படி அங்கியைச் சுருட்டுவார். இடையிடையே கையுறைக்கும் கிருமிநாசினி.

2018 மே மாதம் கேரளத்தின் பேராம்பிராவில் நிப்பா நோயாளியைப் பார்த்த செவிலியர் லினி இறந்தார். அவர் பணிவிடை செய்தபோது அந்த நோய்க்கு அங்கே யாரும் பெயர் சொல்லியிருக்கவில்லை. அடுத்த ஆண்டு எறணாகுளம் மாவட்டத்தில் நிப்பா மீண்டும் தலைகாட்டியபோது, ஒரே நோயாளியோடு நின்றது; அவரும் பிழைத்தார்.