தூத்துக்குடி புகட்டிய பாடம்

தொலைவிலுள்ள ஆட்சியை மக்கள் எதிர்த்தெழுவது ஏன்? ஆள்வோர் அயலார் என்பதனால் மட்டுமன்று. உழைப்பின் பயன் கடல் கடந்து செல்ல, உழைப்போர் குரலைக் கேட்பார் இல்லாமையே காரணமாகும். 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் எறிந்த அமெரிக்கக் குடியேறிகளின் குறையும் இதுவே.

தூத்துக்குடியில் 1906இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார். 1908 பிப்ரவரி 27இல் ஆங்கிலேயரின் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கி, கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் பெற்றனர். மார்ச் 12இல் வ. உ. சி. கைதானதும், நகராட்சித் தொழிலாளரும் வண்டிக்காரரும் வேலையை நிறுத்தினர். எளியோரும் வரலாறு படைத்தனர்.

1947இல் தொலைவிலிருந்த ஆட்சி அகன்றது. அருகிலிருந்த சாதி ஆதிக்கமோ அகலவில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அவ்வுரிமையைக் கேட்டுப் பெறும் குரலைக் கல்வியே தரும். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் ஆற்றிவரும் தொண்டு அதுவேயாம்.