பூனைக்குப் பச்சை இறைச்சி: மாற்றலாமா, எப்படி மாற்றுவது?

டிக்டாக்கைத் திறந்தால் யாராவது ஒருவர் பூனைக்குப் பச்சைக் கோழி போட்டுக்கொண்டிருக்கிறார். முடி பளபளக்குதாம், நாற்றம் குறையுதாம், பாக்கெட் உணவே விஷமாம். சிரம்பான் பாசார் பெசாரில் காலையில் வெட்டிய கோழி கிடைக்கும்போது, நம்ம வீட்டுப் பூனைக்கும் போட்டால் என்ன என்று தோன்றுவது இயல்புதான்.

வீட்டுப் பெரியவர்களும் தலையாட்டுவார்கள். லாபு, ரந்தாவ் பக்கத்து தோட்டங்களில், லயத்துப் பூனை எலி பிடித்துத்தானே வளர்ந்தது? உண்மைதான். ஆனால் அந்தப் பூனை தின்றது முழு எலி: எலும்பு, ஈரல், இதயம், ரத்தம், குடல் எல்லாம் சேர்த்து. நாம் தட்டில் வைப்பதோ தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி. இரண்டும் பச்சை என்பதைத் தவிர வேறு ஒற்றுமை கிடையாது. (செம்பனைத் தோட்டங்களில் எலிக்கு மருந்து வைக்கிறார்கள். மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்ற பூனையும் பாதிக்கப்படலாம். அந்தக் கால 'இயற்கை உணவு' அவ்வளவு பாதுகாப்பானதாகவும் இருக்கவில்லை.)

வெறும் கறி ஏன் போதாது?

கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. எலும்பில்லாத கறியை மட்டும் வாரக்கணக்கில் தின்னும் குட்டிப் பூனை, தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். குதித்தாலே கால் முறியும் நிலை வரும். அதற்காக சமைத்த கோழி எலும்பைப் போடாதீர்கள். அது சிராய் சிராயாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

அடுத்தது டாவ்ரின் என்ற சத்து. நாயின் உடல் பெரும்பாலும் இதைத் தானே தயாரித்துக்கொள்ளும், பூனையால் போதிய அளவு முடியாது. 1987-இல் கலிபோர்னியாவில் பால் பியோன் என்ற கால்நடை மருத்துவரின் குழு, இதயம் வீங்கிச் செத்துக்கொண்டிருந்த பூனைகளுக்கு டாவ்ரின் குறைவு இருப்பதைக் கண்டறிந்தது. அவை தின்றது கடையில் வாங்கிய உணவுதான். டாவ்ரின் கொடுத்ததும் பல பூனைகள் தேறின. அதன் பிறகு நிறுவனங்கள் உணவில் டாவ்ரினைக் கூட்டின.

பச்சை உணவுக்காரர்கள் அடிக்கடி காட்டும் ஆதாரம் இதைவிடப் பழையது. பிரான்சிஸ் பாட்டெஞ்சர் என்ற அமெரிக்க மருத்துவர் 1932 முதல் பத்து ஆண்டுகள், சுமார் 900 பூனைகளை வைத்துச் செய்த சோதனை அது. சமைத்த இறைச்சி தின்றவை தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தன. ஆனால் அப்போது பூனைக்கு டாவ்ரின் அவசியம் என்பதே யாருக்கும் தெரியாது. சமைக்கும்போது அது தண்ணீரில் கரைந்து போகும். எனவே குறை சமைத்ததில் இல்லை, இழந்ததைத் திருப்பிச் சேர்க்காததில்தான் என்று பார்ப்பது பொருத்தம்.

கிருமி விஷயம்

இதை 'பூனையின் வயிறு தாங்கும்' என்று ஒதுக்கிவிடுவார்கள். 2010 முதல் 2012 வரை அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 196 பச்சை செல்லப்பிராணி உணவு மாதிரிகளைச் சோதித்தது. 15-இல் சால்மோனெல்லா, 32-இல் லிஸ்டீரியா. பூனைக்கு ஒன்றும் ஆகாமல், அதன் தட்டைக் கழுவிய உங்களுக்கோ தரையில் தவழும் தம்பிக்கோ வயிற்றுப்போக்கு வரலாம்.

டிசம்பர் 2024-இல் நிலைமை இன்னும் மோசமானது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், வீட்டைவிட்டு வெளியே போகாத ஒரு பூனை எச்5என்1 பறவைக் காய்ச்சலால் இறந்தது. அது தின்றது உறைய வைத்த பச்சை வான்கோழி உணவு. பூனையிலும் உணவிலும் இருந்த வைரஸ் மரபணு ஒத்துப்போனது. 2023-இல் தென்கொரியாவில் பூனைக் காப்பகங்களிலும் இதே கதை. அங்கும் உணவில் வைரஸ் இருந்தது. ஃப்ரீசரில் வைத்தால் கிருமி சாகும் என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது. குளிர் சில ஒட்டுண்ணிகளைக் கொல்லும். சால்மோனெல்லாவையும் இந்த வைரஸையும் பாதுகாத்து வைக்கும். நம் நாட்டிலும் 2004-லும் 2017-லும் கிளந்தானில் எச்5என்1 கோழிகளைத் தாக்கியது.

பச்சைப் பன்றி இறைச்சி வேண்டவே வேண்டாம். அவுஜெஸ்கி என்ற பன்றி வைரஸ் பூனையை ஓரிரு நாளில் கொன்றுவிடும். பன்றியின் நோய் பன்றியோடு நிற்காது என்பது நெகிரி செம்பிலானுக்குப் புதிதல்ல. 1998-99 நிப்பா பற்றி, புக்கிட் பெலண்டோக் பற்றி, உங்கள் அம்மா அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். நாடு முழுவதும் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்த அந்த நோய் பூனைகளுக்கும் தொற்றியது.

அப்படியும் மாற்றுவதென்றால்?

வீட்டில் கர்ப்பிணி, கைக்குழந்தை, கீமோ எடுப்பவர் இருந்தால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். குட்டிப் பூனை, கிழட்டுப் பூனை, கிட்னி கோளாறுள்ள பூனைக்கும் வேண்டாம்.

மற்றவர்கள் முதலில் செய்ய வேண்டியது, நாள் முழுக்கத் தட்டில் கிடக்கும் உலர் உணவை எடுத்துவிட்டு நேரத்துக்கு வைப்பது. பிறகு டின் உணவுக்குப் பழக்குங்கள். அதில் ஒரு டீஸ்பூன் புதிய உணவு. அதைச் சாப்பிட்டு, மலமும் சரியாக இருந்தால் மெல்லக் கூட்டுங்கள். உலர் உணவே தின்று பழகிய பூனைக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். சமையல் குறிப்பை டிக்டாக்கிலிருந்து எடுக்காமல், கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள்: "பசிச்சா தானா சாப்பிடும்." நாய்க்கு அது சரியாக இருக்கலாம். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால், உடம்பிலுள்ள கொழுப்பு ஈரலில் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் பழைய உணவையே திரும்ப வையுங்கள். அதையும் மறுத்தால் கிளினிக்குக்கு அழையுங்கள்.

நம்ம ஊர் வெயிலில் பச்சைக் கறி அரை மணி நேரத்துக்கு மேல் தட்டில் கிடக்கக் கூடாது. மிச்சத்தைத் தூக்கிப் போடுங்கள். வெட்டும் பலகை தனி, தட்டு தனி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பச்சை நெத்திலியைத் தினமும் போடுவதும் கூடாது, அதிலுள்ள ஒரு பொருள் வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். வெங்காயமும் பூண்டும் எந்த வடிவிலும் ஆகாது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. மருத்துவர் தந்த அதே அளவில் கறியையும் ஈரலையும் நன்றாக வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டாமல், ஆறிய பிறகு டாவ்ரினும் கால்சியமும் கலந்து கொடுப்பது. எழுதுபவரைக் கேட்டால், இந்த வழிதான் சரி. பூனைக்கு வேண்டியது சத்து. கறி பச்சையா வெந்ததா என்று அது கவலைப்படாது. வேகவைத்த கறியைக் கொஞ்சம் முறைக்கும், அவ்வளவுதான்.

மாற்றும் காலத்தில் வாந்தி, ரத்தம் கலந்த மலம், மூச்சுத் திணறல், தள்ளாட்டம் தெரிந்தால் காத்திருக்காதீர்கள். சிரம்பான் கிளினிக்குகளில் பார்க்க முடியாத நிலை என்றால், செர்டாங்கில் யு.பி.எம். பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. போகும்போது பூனை கடைசியாக என்ன தின்றது, எங்கே வாங்கியது என்று சொல்லுங்கள், பாக்கெட் இருந்தால் கையோடு கொண்டு போங்கள்.