மூலைக்குப் போன குறிவிளக்கம்

இந்திய வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் மழையளவு நிலப்படத்தில், மழை இயல்பைவிட 20 முதல் 59 விழுக்காடு வரை குறைந்த இடங்கள் சிவப்பு நிறத்தில் இருக்கும். 60 முதல் 99 விழுக்காடு வரை குறைந்தவை, அதாவது நிலைமை இன்னும் மோசமானவை, மஞ்சளில் இருக்கும். அதே துறை கனமழை எச்சரிக்கைக்குப் பயன்படுத்தும் நிறங்களிலோ மஞ்சளுக்கு மேலே ஆரஞ்சு, அதற்கும் மேலே சிவப்பு. ‘ரெட் அலர்ட்’ என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தோடு மழைக்குறைவுப் படத்தைப் பார்ப்பவர், சிவப்பு மாவட்டம்தான் அதிகம் காய்ந்து கிடக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார். மூலையில் குறிவிளக்கம் இருக்கிறதே, அதைப் பார்க்க வேண்டியதுதானே என்று அவரைக் குறை சொல்வது எளிது, நியாயமல்ல. குறிவிளக்கம் எப்போது, எதனால் மூலைக்குப் போனது என்று தேடிப் பார்த்தால், அதற்கான காரணங்கள் பெரும்பாலும் மரக்கட்டையையும் செப்புத்தகட்டையும் படைக்கூடத்தையும் சேர்ந்தவை. கணினித் திரைக்கு அந்தக் கட்டாயங்கள் இல்லை. இருந்தும் நம் நிலப்பட மென்பொருள்கள் அந்தப் பெட்டியை அப்படியே சுமந்து வருகின்றன.

பழைய நிலப்படங்களில் மலை மலையாகவே வரையப்பட்டது, காடு மரங்களாக நின்றது, விளக்கம் தேவைப்படவில்லை. பொருளைப் போலத் தோன்றாத குறி வந்தபோதுதான் விளக்கம் வேண்டியதாயிற்று. நூரம்பர்க் நகரத்தின் எர்ஹார்ட் எட்ஸ்லாப், 1500ஆம் ஆண்டின் புனித ஆண்டுக்காக ரோமுக்குப் போகும் யாத்திரிகர்களை எண்ணி ஒரு வழிப்படம் வெளியிட்டார். ஊர்களுக்கு இடையே வழி நெடுகப் புள்ளிகள். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே ஒரு ஜெர்மன் மைல். படத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதை அதன் அடியிலேயே உரைநடையில் சொல்லியிருந்தார். நடந்து போகிறவனுக்கு நேராகச் சொன்ன வழிகாட்டுரை அது. 1568இல் பிலிப் அபியான் பவேரியாவை 24 மரக்கட்டை அச்சுத் தாள்களில் வெளியிட்டபோது நிலைமை மாறியிருந்தது. நகரம், சந்தையூர், மடாலயம், கோட்டை என்று வகைக்கொரு சிறு குறி. மரத்தில் சிறிய எழுத்தைச் செதுக்குவது பெரும்பாடு. ஆகவே எழுத்து செய்ய வேண்டிய வேலையைக் குறி செய்தது, குறிகளின் பொருளை ஓரிடத்தில் தொகுத்துக் கொடுத்தார்கள். இடத்தையும் உழைப்பையும் மிச்சப்படுத்திய இந்த ஏற்பாட்டின் விலையை வாசகர் கொடுத்தார். அவர் கண் படத்துக்கும் பட்டியலுக்கும் இடையே ஓடத் தொடங்கியது அப்போதுதான்.

படைகள் அந்த இடைவெளியை இன்னும் அகலமாக்கின. பிரான்சில் 1802இல் கூடிய ஒரு குழு, அரசுத் துறைகள் ஆளுக்கொரு விதமாக வரைந்துவந்த குறிகளை ஒழுங்குபடுத்தி, மலைகளைப் பக்கவாட்டுச் சித்திரமாக வரையும் வழக்கத்தைக் கைவிடச் சொன்னது. பிரிட்டனின் ஆர்ட்னன்ஸ் சர்வே தன் குறிகளை விளக்கத் தனித் தாள்களையே அச்சிட்டது. விளக்கம் படத்தின் மூலையைக்கூட விட்டு வெளியேறிவிட்டது. குறிகளை மனப்பாடம் செய்த அதிகாரிக்கு அது போதும். இந்திய நில அளவைத் துறையின் நிலத்தோற்றப் படங்களும் இந்த மரபில் வந்தவையே. ஆண்டு முழுதும் நீர் ஓடும் ஆறு நீலம், வறண்டு கிடக்கும் ஓடை கறுப்பு, விளைநிலம் மஞ்சள், சமவுயரக்கோடு பழுப்பு. காவல் நிலையத்துக்கும் அஞ்சலகத்துக்கும் ஒதுக்கப்பட்ட காட்டுக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். நம் மாணவர்கள் இவற்றைத் தேர்வுக்காக உருப்போடுகிறார்கள். பயிற்சி பெற்றவருக்கு இது அருமையான மொழி என்பதில் எனக்கு ஐயமில்லை. பயிற்சியே இல்லாத விவசாயி தன் ஊர் ஓடை ஏன் கறுப்பாக இருக்கிறது என்று கேட்டால், அந்தத் தாள் உடனே பதில் சொல்லாது.

இதே காலத்தில் வேறொரு மரபும் வளர்ந்தது. நாம் கற்க வேண்டியது அதனிடம்தான். எட்மண்ட் ஹாலி 1701இல் அட்லாண்டிக் கடலின் காந்தவிலகலை, அதாவது திசைகாட்டி ஊசி உண்மை வடக்கிலிருந்து விலகும் அளவை, கோடுகளாக வரைந்தபோது, எத்தனை பாகை என்பதை அந்தந்தக் கோட்டின் மேலேயே எழுதினார். பிரான்சின் கல்வி நிலையை 1826இல் கறுப்பு வெள்ளைச் சாயல்களால் காட்டிய ஷார்ல் துய்ப்பன், ஒவ்வொரு மாவட்டத்துக்குள்ளும் அதற்குரிய எண்ணைப் போட்டார். 1869இல் ஷார்ல் மினார் வரைந்த நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்புப் படம் இன்னும் ஒரு படி மேலே போனது. பத்தாயிரம் வீரர்களுக்கு ஒரு மில்லிமீட்டர் அகலம், போன படைக்கு ஒரு நிறம், திரும்பிய படைக்குக் கறுப்பு என்று மேலே ஒரு பத்தியில் விளக்கிவிட்டு, அதோடு நிற்காமல், பட்டையின் குறுக்கே இடத்துக்கு இடம் ஆள்தொகையையும் எழுதினார். நேமன் ஆற்றைக் கடக்கும்போது 4,22,000. திரும்பி வந்தவர் 10,000. விளக்கத்தைப் படிக்காமல் படத்துக்குள் நுழைந்தவருக்கும் அந்தப் பேரழிவு புரிந்துவிடும். குறிவிளக்கம் இருக்கட்டும், அதை நாட வேண்டிய தேவை குறையட்டும் என்பதே இவர்கள் மூவரும் செய்தது.

கணினி வந்தபோது இந்த இரண்டு மரபுகளில் எதுவும் கைக்கு எட்டியிருக்கலாம். ஹோவர்ட் ஃபிஷர் 1960களில் உருவாக்கிய சைமேப் நிரல், வரி அச்சுப்பொறியில் எழுத்தின் மேல் எழுத்தை அடித்துச் சாயல் உண்டாக்கியது. ஒவ்வொரு சாயலும் எந்த எண்முதல் எந்த எண்வரை குறிக்கிறது, அதில் எத்தனை தரவுப் புள்ளிகள் விழுகின்றன என்பதையும் படத்தின் அடியில் அச்சிட்டுக் கொடுத்தது. அச்சாகும் தோற்றம் முரட்டுத்தனமானது. வாசகருக்குக் கொடுத்த தகவல் முழுமையானது. பிறகு வந்த புவித்தகவல் மென்பொருள்களில் குறிவிளக்கம் என்பது அடுக்குகளின் பட்டியலாகச் சுருங்கியது. படத்தை உருவாக்குபவர் எந்தக் கோப்புகளை எந்த வரிசையில் ஏற்றினாரோ, அவை அப்படியே பெட்டிக்குள் வந்து உட்காருகின்றன. கியூஜிஐஎஸ் மென்பொருளின் அச்சு வடிவமைப்பில் குறிவிளக்கத்தைச் சேர்த்துப் பாருங்கள்: வேறு பெயர் சூட்டாவிட்டால் கோப்பின் பெயரே தலைப்பாக வந்து நிற்கும். படத்தில் கண்ணுக்குத் தெரியும் குறிகளை மட்டும் காட்டும் வசதி அதில் உண்டு. அதை நாமாகத் தேடிப்போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். என் வாதத்தின் மையம் இதுதான். உருவாக்குபவரின் வேலைமேசையை வாசகருக்கான விளக்கமாக அனுப்பிவைப்பதுதான் இன்றைய குறிவிளக்கத்தின் முதல் குறை. எழுத்தின் அளவையும் பெட்டியின் அழகையும் பற்றிய பேச்செல்லாம் அதற்குப் பிறகே.

நிறத்தைப் பற்றியும் வரலாறு தெளிவாகவே பேசுகிறது. ஜாக் பெர்த்தேன் 1967இல் வெளியிட்ட நூலில், வெளிர்மை அடர்த்தி வேறுபாட்டைக் கண் தானாகவே வரிசைப்படுத்தும், சிவப்பு பச்சை போன்ற நிற வேறுபாட்டை அப்படி வரிசைப்படுத்தாது என்று காட்டினார். சிந்தியா புரூவர் பின்னர் அமைத்த கலர்புரூவர், அந்த அறிவை யாரும் எடுத்தாளக்கூடிய நிறத்தொகுதிகளாக்கி, நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு உகந்தவை எவை என்றும் சொல்லித் தந்தது. குறைவிலிருந்து மிகைக்கு ஏறும் தரவுக்கு வெளிரிலிருந்து அடர்த்திக்கு ஏறும் நிறம் கொடுத்தால், குறிவிளக்கத்தில் இரண்டு முனைகளை மட்டும் பார்த்தாலே இடைப்பட்டவை விளங்கிவிடும். பச்சைக்கு அருகில் சிவப்பும், சிவப்பைவிட மோசமானதற்கு மஞ்சளும் கொடுத்தால், எத்தனை பெரிய பெட்டி போட்டாலும் பயனில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. எண்களையும் பெயர்களையும் படத்தின் மேலேயே எழுதினால் நெரிசலாகும் என்பார்கள். அடர்ந்த நகரப் படத்தில் அது உண்மை. அங்கே பெட்டி தேவைதான். ஆனால் அந்தப் பெட்டியின் வரிசை படத்தில் காணும் வரிசையை ஒத்திருக்க வேண்டும், அலகு எழுதியிருக்க வேண்டும், படத்தில் இல்லாத குறி அதில் இருக்கக் கூடாது. குறிகள் ஒருமுறை நிலைத்துவிட்டால் விளக்கமே வேண்டாம் என்பது அடுத்த மறுப்பு. 1881இல் பொலோன்யாவில் கூடிய நிலவியலாளர் மாநாடு ஜுராசிக் பாறைக்கு நீலம், கிரெட்டேசியஸ் பாறைக்குப் பச்சை என்று வகுத்தது; இன்றும் அது பெரிதும் நிலைத்திருக்கிறது. அது ஒரு துறையின் வெற்றி, சந்தேகமில்லை. பொதுமக்கள் அப்படியொரு துறை அல்லர். தொட்டால் தகவல் தோன்றும் காலத்தில் குறிவிளக்கம் எதற்கு என்பது மூன்றாவது மறுப்பு. இதுவே இன்று வலுவானது. தொடுவதால் ஓர் இடத்தின் மதிப்பு கிடைக்கும், நாற்பது இடங்களின் ஒப்பீடு கிடைக்காது. வெள்ளக் காலத்தில் நிலப்படம் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் வெறும் படமாகத்தான் போகிறது. அங்கே தொட எதுவும் இல்லை.

ஆகவே மாற வேண்டியது மென்பொருளின் இயல்பிருப்பு அமைப்பு. கண்ணுக்குத் தெரியும் குறிகளை மட்டும் காட்டுவது, கோப்பின் பெயர் அப்படியே நின்றால் எச்சரிப்பது, அலகை எழுதச் சொல்லிக் கேட்பது, இடம் இருந்தால் படத்தின் மேலேயே பெயரிட முன்வருவது ஆகிய நான்கும் தேடாமலே கிடைக்க வேண்டும். கியூஜிஐஎஸ் கட்டற்ற மென்பொருள். அதன் குறைகளைத் தெரிவிக்கவும் நிரலைத் திருத்தவும் எவருக்கும் உரிமை உண்டு. தமிழில் நிலப்படம் செய்பவர்கள் அந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டும்.