கையில் வந்த காசு: ஊட்டுப்புரை முதல் உதவித்தொகை வரை

எங்கள் வடசேரிப் பக்கம் "ஓ.ஏ.பி. வாங்குறவங்க" என்று சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. முதியோர் உதவித்தொகை. மாதம் பிறந்தால் "பணம் ஏறிட்டா?" என்று விசாரிக்கிற பாட்டிமார்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். ஒரு அரசு, தன்னால் சம்பாதிக்க முடியாத ஒருவரின் கையில் நேரடியாகக் காசைக் கொடுத்து, "உனக்கு வேண்டியதை நீயே பார்த்துக்கொள்" என்று சொல்வது சாதாரண விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் இந்த இடத்துக்கு வந்து சேர ரொம்ப காலம் பிடித்திருக்கிறது. பி.காம். படிக்கிறவன் என்பதால் எனக்கு எதிலும் முதலில் கண்ணில் படுவது வரவு செலவுதான். இந்தக் கணக்கில், செலவை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு போய்ப் பார்ப்போம்.

முதலில் திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 வரை நாமும் அந்த ராஜ்யத்து ஆட்கள்தானே (அதன் கடைசி ஏழு வருஷம் திருவிதாங்கூர்-கொச்சி). அங்கே தர்மம் என்றால் சோறு. கோவிலைச் சுற்றியும் பெருவழிகளிலும் ஊட்டுப்புரைகள் இருந்தன. வழிப்போக்கராக வந்த பிராமணருக்கு இலவசச் சாப்பாடு. மற்ற சாதிக்காரர்களுக்கு அந்தப் பந்தியில் இடம் கிடையாது. அதிலும் நாஞ்சில் நாட்டு நெல் விளைந்த வயலில் வேலை செய்தவர்கள் அந்த வாசல் பக்கமே போக முடியாது.

1811ல் ரெசிடென்ட் கர்னல் மன்றோ திவான் வேலையையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தார். அவர் காலத்தில்தான் 348 கோவில்களின் நிர்வாகமும் நிலமும் சர்க்கார் கைக்கு வந்தன. நிலத்தின் வருமானம் கஜானாவுக்குப் போனது. கூடவே கோவில் செலவும் சர்க்கார் கணக்கில் ஏறியது. அந்த வகையில் பார்த்தால் "தர்மச் செலவு" என்பது அரசின் பட்ஜெட்டில் ஒரு தலைப்பாக இருப்பது நம் ஊருக்குப் புதிதே அல்ல. யாருக்கு, எங்கே, என்ன சாப்பாடு என்பதையெல்லாம் கொடுப்பவரே முடிவு செய்தார். வாங்குகிறவர் வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து மிஷன்காரர்கள். 1838ல் நெய்யூரில் லண்டன் மிஷன் வைத்தியம் தொடங்கியது. 1893ல் நாகர்கோவிலில் சால்வேஷன் ஆர்மியைச் சேர்ந்த ஹாரி ஆண்ட்ரூஸ் தான் தங்கியிருந்த பங்களாவின் குளியலறையில் மருந்து கொடுக்க ஆரம்பித்தார். அதுதான் வளர்ந்து நம் வடசேரி கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி ஆனது. ஊட்டுப்புரை வாசலில் நிற்க முடியாதவர்களுக்கு இங்கே படுக்கையே கிடைத்தது. அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைத் தனியாக எழுத வேண்டும். ஆனால் இதிலும் கவனிப்பு வேண்டுமென்றால் கவனிப்பு இருக்கிற இடத்துக்கு நாம்தான் போக வேண்டும்.

காசு வந்தது 1962ல். ஏப்ரல் 1 அன்று சென்னை மாகாணத்தில் முதியோர் பென்சன் திட்டம் தொடங்கியது. காமராஜ் அப்போது முதலமைச்சர் (பிறகு 1969 இடைத்தேர்தலில் நம் நாகர்கோவிலில் நின்று எம்.பி. ஆனாரே, அவரேதான்). உத்தரப் பிரதேசம் 1957லேயே இதை ஆரம்பித்திருந்தது. இங்கே மாதம் 20 ரூபாய், அதுவும் ஆதரவற்ற முதியவர்களுக்கு மட்டும்.

20 ரூபாயா என்று சிரிக்க வேண்டாம். கோவில் நகைக்குப் பெயர் போன வடசேரியில் எதையும் பவனில் அளந்தால்தான் புரியும். 1962ல் பத்து கிராம் தங்கம் சுமார் 120 ரூபாய். அப்படியானால் ஒரு பவன் நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து மாத பென்சனை அப்படியே சேர்த்தால் ஒரு பவன் வாங்கலாம்! 2011ல் பென்சன் 500லிருந்து 1,000 ஆனது. பிறகு பன்னிரண்டு வருஷம் அசையவே இல்லை. 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. அந்த மாதம் பவன் விலை 44 ஆயிரத்தை ஒட்டி இருந்தது. மூன்று வருஷப் பென்சனை ஒரு பைசா தொடாமல் வைத்தால் ஒரு பவன். தங்கம் மற்ற சாமான்களைவிட வேகமாக ஏறியது, பென்சன் வாங்குகிற பாட்டி தங்கம் வாங்கவும் போவதில்லை. அதனால் இது முழுக்க நியாயமான அளவுகோல் இல்லைதான். ஆனாலும் தொகையை உயர்த்திவிட்டோம் என்று யாராவது சொன்னால், எதை வைத்து அளந்து சொல்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

மத்திய அரசு இந்த விஷயத்துக்கு வந்தது இன்னும் தாமதமாக. 1995 ஆகஸ்ட் 15ல், 65 வயது தாண்டியவருக்கு மாதம் 75 ரூபாய். 2000களின் நடுவில் அது 200 ஆனது. 2011ல் வயது வரம்பை 60 ஆகக் குறைத்தார்கள், 80 தாண்டியவர்களுக்கு 500 என்றார்கள்.

நம் மாநிலத் திட்டத்தில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. வாங்குவதற்கு முன்னால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். விண்ணப்பம், கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார் என்று அலைய வேண்டும். வாங்கிய பிறகு கேள்வியே கிடையாது. மணியார்டர் வந்த காலத்தில் தபால்காரர் வாசலில் வைத்து எண்ணிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அந்தப் பணத்தில் மருந்து வாங்கினாயா, வெற்றிலை வாங்கினாயா, பேரனுக்கு மிட்டாய் வாங்கினாயா என்று சர்க்கார் கேட்காது. 1983ல் சத்துணவில் முதியோர் பென்சன்காரர்களையும் சேர்த்து, சோற்றையும் கூடவே வைத்தார்கள். பிறகு வேட்டி சேலை, அரிசி. ஆனாலும் காசு காசாகவே இருந்தது. 2010களில் பணம் வங்கிக் கணக்குக்குப் போக ஆரம்பித்தபோது இந்தச் சுதந்திரத்தில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தது. படுக்கையில் கிடக்கிறவருக்கு ஏ.டி.எம். கார்டு இருந்து என்ன பயன்? கார்டு யார் சட்டைப்பையில் இருக்கிறதோ அவர்தான் பட்ஜெட் போடுகிறார்.

இதே கேள்வியை இங்கிலாந்தில் எப்படிக் கையாண்டார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அங்கே 1948 சட்டப்படி உள்ளாட்சிகள் ஊனமுற்றவரின் கையில் காசே கொடுக்கக் கூடாது! ஆள் அனுப்பலாம், விடுதியில் சேர்க்கலாம், பணமாக மட்டும் தரக்கூடாது. ஹாம்ப்ஷயரில் லே கோர்ட் என்ற செஷயர் இல்லத்தில் இருந்த சிலர், ஜான் எவன்ஸ் போன்றவர்கள், 1980ஐ ஒட்டிய வருஷங்களில் ஒரு கேள்வி கேட்டார்கள். எங்களை இங்கே வைத்திருக்க ஆகிற செலவை எங்களிடமே கொடுத்தால், நாங்கள் சொந்த வீட்டில் உதவியாள் வைத்து இருந்துகொள்ள மாட்டோமா? காலையில் எத்தனை மணிக்கு எழுவது என்பதைக்கூட ஊழியர்களின் ஷிப்டு முடிவு செய்கிற வாழ்க்கை வேண்டாம் என்பதுதான் விஷயம். சட்டம் இடிக்கும் என்பதால் பணத்தை இல்லத்துக்குக் கொடுத்து, இல்லம் அவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி ஒரு சுற்றுவழி கண்டுபிடித்தார்கள். 1981 சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு என்பதால் அந்த முயற்சிக்கு 'பிராஜக்ட் 81' என்று பெயர்.

1996ல் நேரடிப் பணத்துக்கென்றே சட்டம் வந்தது. 2014 சட்டத்தில் 'தனிநபர் பட்ஜெட்' என்பது உரிமையாகவே எழுதப்பட்டது. ஒருவருக்கு என்னென்ன உதவி தேவை என்று மதிப்பிட்டு, அதற்கு ஆகிற செலவைக் கணக்கிட்டுத் தொகை தீர்மானிப்பார்கள். அதைப் பணமாக வாங்கிக்கொண்டால் உதவியாளருக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளி அவர்தான். பதிலுக்கு வழக்கமாகத் தனி வங்கிக் கணக்கு, சம்பளப் பதிவு, ஸ்டேட்மெண்ட் எல்லாம் காட்ட வேண்டும். நம் ஊரில் தொகை சின்னது, கணக்கு கேட்பதில்லை. அங்கே தொகை பெரிசு, ரசீதைத் தேடியே பாதி உயிர் போகும் போல!

நம் பக்கம் ஊனமுற்றோர் பென்சன் 1974 நவம்பரில் வந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் துறை தருகிற பராமரிப்பு உதவித்தொகை தனி. 1,500 ஆக இருந்த அது 2,000 ஆக உயர்ந்தது. பெயரே பராமரிப்பு என்பதால், பராமரிக்க என்ன ஆகிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன். படுக்கையில் இருக்கிற மகனைக் கவனிக்கிற ஒரு அம்மா, எங்களுக்கு வேண்டியவர், டைரியில் செலவு எழுதி வைக்கிறார். கேட்டதும் காட்டினார். டயப்பர், யூரின் பேக், டெட்டால், ஆஸ்பத்திரி போய்வந்த ஆட்டோ. பன்னிரண்டாம் தேதிக்குள் 2,000 தீர்ந்திருந்தது. அதற்குப் பிறகு வரவுப் பக்கத்தில் "அண்ணன் தந்தது", "குழுவில் எடுத்தது", "கம்மல்" என்று இருந்தது. கம்மல் என்றால் அடகு. காஸ்டிங் பாடத்தில் சொந்த உழைப்புக்கும் ஒரு கூலி போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மகனைப் புரட்டிப் படுக்க வைக்கிற வேலைக்கு அந்த டைரியில் ஒரு வரி கூட இல்லை. இங்கிலாந்து முறையிலும் ஒரே வீட்டில் இருக்கிற நெருங்கிய சொந்தத்துக்குச் சம்பளம் கொடுப்பது பொதுவாக முடியாது, உள்ளாட்சி தனியாக அனுமதித்தால்தான் உண்டு.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 24ஆம் பிரிவில் இரண்டு விஷயம் சொல்கிறது. மற்றவர்களுக்குத் தருவதைவிட மாற்றுத்திறனாளிகளுக்கு உதவித்தொகை குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும். 2023ல் தமிழ்நாட்டில் முதியோருக்கு 1,200, மாற்றுத்திறனாளி பென்சன் 1,500. கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள், கச்சிதமாக 25 சதவீதம்! குறைந்தது என்று போட்ட இடத்திலேயே கணக்கு நிற்கிறது. அதே பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் படி பற்றியும் பேசுகிறது. பராமரிப்பவரையே பயனாளியாக வைத்த திட்டத்தைப் பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். களியக்காவிளை தாண்டினால் போதும். கேரளத்தில் 'ஆஸ்வாசகிரணம்' என்று, படுக்கையில் இருப்பவரைக் கவனிக்கிறவருக்கு மாதம் 600 ரூபாய். அது மாதா மாதம் ஒழுங்காக வராமல் நிலுவை விழுவதாக அங்கேயும் புலம்பல் உண்டு. ஆனால் அந்த 600, வீட்டில் கவனிக்கிறவருடைய வேலை என்று சொல்லிக் கொடுக்கிற காசு. டைரியில் அதற்கென்று ஒரு வரி எழுதலாம்.